அப்பத்தா பெயரைக் கையில் குத்திக்கொள்ளும் முன்

என் அப்பத்தாவின் முன்கையில் ஒரு தேளும் ஒரு புள்ளிக் கோலமும் பச்சையாக இருந்தன. தெருவுக்கு வந்த குறத்தி குத்திவிட்டு, கூலியாக நெல் வாங்கிப் போனாள் என்பார். அப்பத்தா இறந்த பிறகு, 'பொன்னுத்தாயி' என்ற அவர் பெயரை என் இடது முன்கையில் பச்சை குத்திக்கொண்டேன். அப்போது எனக்கு 22 வயது. அம்மா ஒப்பவில்லை. "அவுக கையில இருந்தா அழகு, என் கையில இருந்தா அசிங்கமாம்மா?" என்று கேட்டேன். நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, தானும் கூட வருவதாகச் சொன்னார். அவர் வந்ததால்தான் பிழை தப்பியது.

தமிழில் குத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். முதலில் எழுத்தைத் தாளில் எடுத்துத் தோலில் ஒட்டிக் காட்டுவார்கள். அதற்கு ஸ்டென்சில் என்று பெயர். படம் வரையும் மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. என் 'பொ'வில் கொம்பு இடப்பக்கம் நிற்காமல் வலப்பக்கம் ஓடியிருந்தது. எனக்கு இருந்த படபடப்பில் கண்ணில் படவேயில்லை, அம்மாதான் பார்த்தார். அதனால் பெயரை நீங்களே கையால் எழுதியோ, போனில் தட்டிப் படமாக எடுத்தோ கொண்டுபோங்கள். ல, ள, ழ, அப்புறம் ந, ன, ண எல்லாவற்றையும் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒட்டிய பிறகு கண்ணாடியில் பார்க்காதீர்கள், எழுத்து திரும்பித் தெரியும். போட்டோ எடுத்துப் பாருங்கள். எழுத்தைப் பொடியாகவும் வைக்காதீர்கள். வருடம் போகப் போக மை கொஞ்சம் பரவும், 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். நான் ஒரு விரல் அகலத்துக்கு வைத்தேன்.

இடம் தேர்வதில் வேலையையும் யோசியுங்கள். ராணுவத்துக்கு முயல்கிறவர்களுக்கு முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் பொதுவாக அனுமதி. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. காயம் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் நெஞ்சும் தோளும் வேண்டாம். தோல் மருத்துவரைக் கேட்காமல் குத்தவே வேண்டாம்.

திருவிழாக் கடையில் குத்திக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஊசி பல கைகளுக்குப் போனால் ஹெபடைடிஸ் பி, சி என்னும் மஞ்சள் காமாலை வகைகள், எச்.ஐ.வி. எல்லாமே தொற்றலாம். எங்கே போனாலும் ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். மையைச் சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும், மிஞ்சியதைக் கொட்ட வேண்டும். கையுறை புதிதாக இருக்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள் முதலில் அதைப் போடுங்கள். மூன்று தவணை, முடிய 6 மாதம் ஆகும். ரத்த தானம் செய்கிறவர்கள் குத்திய பிறகு 12 மாதம் பொறுக்க வேண்டும்.

போகும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முந்தின இரவு மது கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. அது திறந்த புண். அப்பத்தா காலத்தில் மஞ்சள் பூசினார்கள் என்று நீங்களும் பூசாதீர்கள். மணமில்லாத சோப்பால் மெல்லக் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி, கடையில் சொன்ன களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். நாலைந்து நாளில் அரிக்கும், பொருக்கு உதிரும். சொறியவோ பிய்க்கவோ கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்குக் கிணறு, குளம், கடல் எதுவும் வேண்டாம். நான் எட்டாம் நாளே ஊர்க் கிணற்றில் இறங்கிவிட்டேன். சீழ் வைத்து, 'தா'வில் மை வெளுத்துப் போனது. சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

முழுதாக ஆறிய பிறகு வெளுத்த இடத்தை மறுபடி நிரப்பலாம். ஒன்றரை மாதம் கழித்து என் 'தா'வை நிரப்பப் போனபோதும் அம்மா கூட வந்தார். ஸ்டென்சில் ஒட்டியதும் என் கையைப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "சரி, குத்துங்க" என்றார்.