முட்டைக் கோழித் தீவனத்தில் நறுமண எண்ணெய்: காசு வீணாவது எங்கே?

தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதற்கு உலகம் முழுக்க நெருக்கடி கூடிக்கொண்டே வருகிறது. வளர்ச்சிக்காக அதைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே நிறுத்திவிட்டது. இந்தியாவில் 2019 ஜூலையில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி, கால்நடை, தீவனம் எதற்கும் விற்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. அந்த இடத்தைப் பிடிக்க வந்தவற்றில் ஒன்றுதான் ஆரிகனோ, தைம், கிராம்பு, பட்டை, யூகலிப்டஸ் போன்ற நறுமண எண்ணெய்கள். நாமக்கல் பக்கம் லேயர் (முட்டைக் கோழி) பண்ணை வைத்திருப்பவர்களிடம் இன்று இது புதுப் பேச்சு இல்லை.

இந்த எண்ணெய்களுக்கு உண்மையிலேயே சக்தி உண்டு. ஆரிகனோவில் உள்ள கார்வக்ராலும் தைமில் உள்ள தைமாலும் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் குலைக்கும். குடலில் கெட்ட கிருமிகளின் பெருக்கம் குறைந்தால் கோழி தின்ற தீவனம் உடம்பில் சேரும். ஆனால் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல வருவதில்லை. சிலவற்றில் முட்டையும் எடையும் கூடியிருக்கின்றன, சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. எந்த எண்ணெய், எவ்வளவு, எப்படிப்பட்ட ஷெட் என்பதைப் பொறுத்துதான் எல்லாம். அதனால் பயன்படுத்தும் முறையில் வரும் தவறுகளைத் தெரிந்துகொள்வது முக்கியம்.

நான் பார்த்தவரை, பணம் அதிகம் வீணாவது அளந்து பார்க்காததால்தான். லேயர் கோழி 18, 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி 26 முதல் 30 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். 22 வாரத்தில் எண்ணெய் கலக்க ஆரம்பித்தால், அடுத்த மாதம் உற்பத்தி கட்டாயம் ஏறியிருக்கும். கலக்காவிட்டாலும் ஏறியிருக்கும்! சித்திரை வெயிலில் இறங்கிய உற்பத்தி மழை பெய்து குளிர்ந்ததும் தேறுவதும் அப்படித்தான். இதை எண்ணெயின் கணக்கில் எழுதக் கூடாது. ஒரே பேட்ச், ஒரே வயது, ஒரே தீவனம் உள்ள இரண்டு ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் எதுவும் கலக்காமல் இரண்டின் முட்டை எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். அப்புறம் ஒன்றில் மட்டும் கலந்து எட்டு வாரமாவது பாருங்கள். அந்த நாட்களில் மக்காச்சோளத்தின் லோடு மாறினாலும் இரண்டு ஷெட்டுக்கும் சேர்ந்தே மாறட்டும். முட்டையின் எண்ணிக்கை மட்டும் போதாது. தீவனம் எவ்வளவு தின்றது, முட்டை எடை, உடைசல், இறப்பு எல்லாம் ஏட்டில் ஏற வேண்டும்.

ஏன் இவ்வளவு சிரமம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்கிறது என்றால் 10,000 கோழிக்கு 1.1 டன். கிலோ 1,000 ரூபாய் விலையுள்ள ஒரு கலவையை டன்னுக்கு 150 கிராம் போட்டால் நாளைக்கு 165 ரூபாய் செலவு. முட்டை 5 ரூபாய்க்குப் போனால் அந்தச் செலவை ஈடுகட்ட 33 முட்டை கூடுதலாக வேண்டும். அதாவது உற்பத்தியில் 0.33 சதவீதம். சின்னத் தொகைதான், எண்ணெய் வேலை செய்தால் லாபம் நிச்சயம். ஆனால் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உற்பத்தி இதைவிட அதிகமாகவே ஏறி இறங்கும். வெறும் கண்ணால் பார்த்து லாபமா நட்டமா என்று சொல்லவே முடியாது.

அடுத்தது, செடியின் பெயரைப் பார்த்து வாங்குவது. இலவங்கப்பட்டை மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள் அதிகம். அதே மரத்தின் இலையிலிருந்து எடுத்தால் கிராம்பில் உள்ள யூஜெனால்தான் அதிகம். இரண்டும் இரண்டு வேறு சரக்கு. எந்த வேதிப்பொருள் எத்தனை சதவீதம் என்று லேபிளில் இல்லாத பாக்கெட்டை வாங்க வேண்டாம். 'ஓமத்திலும் தைமால் இருக்கிறதே, பொடி செய்து போட்டால் ஆகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஓமத்தில் எண்ணெய் சுமார் 2 முதல் 4 சதவீதம்தான். ஒரு கிலோ பொடியில் 20 முதல் 40 கிராம் எண்ணெய் இருக்கும், தைமால் அதிலும் ஒரு பங்குதான். பொடி போடுவது தவறில்லை. எண்ணெய்க்குச் சொன்ன அளவைப் பொடிக்கும் வைத்துக்கொள்வதுதான் தவறு.

கலப்பதில் வரும் கோளாறு கண்ணுக்குத் தெரியாது. 150 கிராமை நேராக ஒரு டன் தீவனத்தில் கொட்டினால் சில கோழிக்கு அளவுக்கு மீறிப் போகும், பலவற்றுக்குப் போகவே போகாது. முதலில் ஒரு கிலோ தவிட்டிலோ மக்காச்சோள மாவிலோ கலந்து, அதைப் பத்து கிலோவாக்கி, பிறகு மிக்சரில் போடுங்கள். திரவ எண்ணெய் என்றால் இன்னும் கவனம் தேவை, கட்டி கட்டியாக நின்றுவிடும். இந்த எண்ணெய்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. தகரக் கூரையின் கீழ் வாரக்கணக்கில் மூட்டையை அடுக்கி வைத்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். மாவுத் தீவனம் போடுபவர்கள் சில நாளில் தீரும் அளவுக்கு மட்டும் அரைத்துக்கொள்ளலாம். ஆவியில் வேகவைத்துப் பெல்லெட்டாக்கும் தீவனத்துக்கு, மேலே பூச்சு உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீரில் கலப்பவர்களுக்கு: எண்ணெய் தண்ணீரில் கரையாது. தண்ணீரில் கரையும்படி தயாரித்த வகையைத் தவிர வேறு எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயில் படிந்து, கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளை அடைக்கும். வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா போன்ற உயிருள்ள தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும் நாளிலும், அதற்கு முந்தைய, பிந்தைய நாளிலும் இது கூடவே கூடாது. தடுப்பூசியின் வைரஸ் கெட்டுப்போனால் அந்த பேட்ச் முழுவதும் வெள்ளைக்கழிச்சலுக்குத் திறந்து கிடக்கும்.

எண்ணெயை மருந்தாக நம்புவது மிகவும் ஆபத்தானது. அது தடுப்பூசிக்கு மாற்று இல்லை. ஓடு மெலிந்தால் முதலில் சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் அளவைப் பாருங்கள், லேயர் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். மஞ்சள் கரு வெளுத்தால் காரணம் பெரும்பாலும் மக்காச்சோளம் குறைந்து குருணையோ கம்போ கூடியதுதான். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சை எந்த வாசனையும் போக்காது. கோழி சுருண்டு உட்கார்ந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் எழுதிய மருந்தை எண்ணெயை நம்பிப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

கொஞ்சம் கூடப் போட்டால் கூடப் பலன் என்ற நினைப்பும் வேண்டாம். காரமும் நெடியும் ஏறினால் கோழி தீவனத்தைக் குறைத்துவிடும், வெயில் காலத்தில் ஏற்கெனவே குறைவாகத் தின்னும் கோழிக்கு அது இரட்டை அடி. அளவு மீறினால் வாடை முட்டையிலும் ஏறலாம். புதிதாக ஒரு கலவையைத் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும், கலந்த ஷெட்டிலிருந்தும் கலக்காத ஷெட்டிலிருந்தும் சில முட்டைகளை உப்பில்லாமல் அவித்து, எது எதென்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களுக்குக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.