உள்ளூர் பிரசங்கிமாருக்கு வெளிநாட்டு மிஷன் பயிற்சி: எங்கே சறுக்குகிறது?

வெளிநாட்டு மிஷன் ஒன்றோடு சேர்ந்து ஊழியர் பயிற்சி தொடங்கும்போது முதல் கூட்டத்திலேயே எல்லாம் பேசியாகிவிடும்: பாடத்திட்டம், பேச்சாளர், நிதி, தேதி. யாருக்குப் பயிற்சி என்பது மட்டும் கடைசியில் வரும். அதுவும் "ஒரு முப்பது பேரைச் சேர்த்துக் கொடுங்கள்" என்ற அளவில். பின்னால் வரும் சிக்கல்களில் பல அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகின்றன.

முப்பது பேரைச் சேர்க்கும் பொறுப்பு, வெளிநாட்டாரின் மொழி தெரிந்து மின்னஞ்சலுக்கு உடனே பதில் போடுபவரிடம் போய்ச் சேர்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்தவர்களைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். வார நாட்களில் ஐந்து நாள் ஒதுக்க முடிந்தவர்கள் வருகிறார்கள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிறுதோறும் பிரசங்கிக்கும் மூப்பர் வருவதில்லை. பயிற்சி முக்கியமாகத் தேவைப்படுவது அவருக்குத்தான். ஆகவே தனி ஆளிடம் பெயர்ப்பட்டியல் கேட்காமல் சபைகளிடம் கேளுங்கள்: "உங்கள் நடுவில் இப்போதே வசனம் போதிப்பவர்கள் யார்?" இப்படிக் கேட்டால் பெண்களின் பெயர்களும் வரும். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், வீட்டு ஜெபக்கூட்டம் என்று பல சபைகளில் வேதம் கற்றுக்கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஐந்து இரவு வெளியே தங்க வேண்டிய முகாமாக வைத்தால் அவர்கள் வர வழியே இல்லை.

இந்தச் சிக்கல் புதிதல்ல. குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் சபையின் இறையியல் பள்ளி தலைநகரில் இருந்தது. கிராமத்துச் சபைகளை உண்மையில் நடத்திவந்தவர்கள் குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுவிட்டு அங்கே போய்ப் படிக்க முடியவில்லை. போய்ப் படித்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. 1963-ல் அந்தப் பள்ளி முறையையே மாற்றியது. ஊழியர் தன் ஊரிலேயே இருந்து படிப்பார். வாரம் ஒருமுறை ஆசிரியர் பக்கத்து மையத்துக்கு வந்து கலந்துரையாடுவார். விரிவாக்க இறையியல் கல்வி என்று பிறகு பல நாடுகளுக்குப் பரவியது இதுதான். ஆனால் பாடப்புத்தகத்தை மட்டும் அனுப்பிவிட்டு அந்த வாராந்தரச் சந்திப்பைக் கைவிட்டால் கோடிட்ட இடத்தை நிரப்பும் வேலைதான் மிஞ்சும். செலவு மிச்சம் என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

ஐந்து நாளில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை முடித்துவிடும் முகாம்கள் உண்டு. மொழிபெயர்ப்போடு பேசினால் ஒரு மணி நேரப் பாடம் அரை மணி நேரமாகச் சுருங்கிவிடும் என்பதை அட்டவணை போடுபவர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஊழியர்கள் தடித்த குறிப்பேட்டோடு வீடு திரும்புகிறார்கள். அடுத்த ஞாயிறு பேச்சாளர் சொன்ன கதையும் நகைச்சுவையும் அப்படியே பிரசங்க மேடையில் வரும். அதற்கடுத்த ஞாயிறு பழைய பிரசங்கம்.

ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அரை நாள் உட்காருவது மேல். லூக்கா 15-ஐப் பாருங்கள். இளைய குமாரனைப் பற்றிப் பிரசங்கிக்காத ஊழியர் கிடையாது. பன்றிகள் தின்கிற தவிடு, ஓடிவரும் தகப்பன், கொழுத்த கன்று. அத்தோடு அழைப்பு கொடுத்து முடித்துவிடுவார்கள். பயிற்றுநர் "இயேசு இதை யாரிடம் சொன்னார்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் யாராவது அதிகாரத்தின் முதல் இரண்டு வசனங்களைப் புரட்டுவார்: முறுமுறுத்த பரிசேயர், வேதபாரகர். "அப்படியானால் மூத்த மகன் வெளியே நிற்கிற பகுதி அவர்களைப் பார்த்துச் சொன்னதா?" என்று இன்னொருவர் கேட்பார். மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலேயே கதை நின்றுவிடுவது அப்போதுதான் கண்ணில் படும். தானாக இதைக் கண்டவர், வேறொரு உவமையை எடுக்கும்போதும் யாரும் தூண்டாமல் அதே கேள்வியைக் கேட்பார். பிறகு ஒவ்வொருவரும் அந்தப் பகுதியில் பதினைந்து நிமிடம் பிரசங்கிக்கட்டும். மற்ற ஊழியர்கள் குறை நிறை சொல்லட்டும். வெளிநாட்டுப் பேச்சாளருக்கு மேடை குறையும். அது அவருக்கும் நல்லதுதான்.

படிக்கத் தடுமாறும் ஊழியர்களை ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. ஒரு சம்பவத்தை வரிசை பிசகாமல் வாயால் சொல்லத் தெரிந்தவர், அதிலிருந்து பிரசங்கிக்கவும் கற்றுக்கொள்வார். எழுத்துத் தேர்வை மட்டும் நம்பினால் இவரை இழந்துவிடுவீர்கள்.

பணம்

சீனாவின் ஷான்டோங் பகுதியில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ், மிஷன் பணத்தில் சம்பளம் வாங்கும் உள்ளூர் பிரசங்கிமார் முறையைக் கடுமையாக எதிர்த்தவர். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் தன் தொழிலிலேயே இருந்து சாட்சி சொல்லட்டும், சபை தன்னால் தாங்க முடிந்த ஊழியரைத் தானே தாங்கட்டும் என்றார். 1890-ல் கொரியாவிலிருந்த மிஷனெரிகள் அவரைச் சியோலுக்கு அழைத்து ஆலோசனை கேட்டு, அந்த முறையையே கைக்கொண்டார்கள். ஒழுங்கான வேதபாட வகுப்புகளும் அதன் ஒரு முக்கியப் பகுதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேலையாள் கூலிக்குப் பாத்திரன். அதில் மாற்றுக் கருத்து இல்லை. கூலி கொடுப்பது யார் என்பதுதான் விஷயம். பயிற்சிக்கு வந்தாலே மாத உதவித்தொகை என்றால், அந்தத் தொகைக்காகவே ஒரு வரிசை உருவாகும். பயணம், தங்குமிடம், புத்தகம் வரை பங்காளர் ஏற்கட்டும். ஊழியரின் குடும்பச் செலவு சபையின் பொறுப்பாகவே இருக்கட்டும். வரும் பணம் ஒரு தலைவரின் சொந்தக் கணக்குக்கு வரவே கூடாது. வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டம் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. "நண்பர் அனுப்பியது" என்ற பெயரில் வாங்கினால் பிறகு வழக்கை எதிர்கொள்வது உள்ளூர்ச் சபைதான்.

இதோடு சேர்ந்தது அறிக்கை. அதே முப்பது ஊழியர்கள் மூன்று மிஷன்களின் முகாம்களுக்குப் போனால், மூன்று அறிக்கைகளில் தொண்ணூறு பேர் ஆகிவிடுகிறார்கள். விசுவாசத்துக்கு எதிர்ப்புள்ள இடங்களில் முகமும் ஊரும் தெரியும்படி படம் போடுவது அந்த ஊழியரை நேரடியாக ஆபத்தில் தள்ளும்.

பொறுப்பை விடாமல் பிடித்துக்கொள்வது

சாமுவேல் அஜயி குரோதர் சியரா லியோனின் ஃபூரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவர். 1864-ல் முதல் ஆப்பிரிக்க ஆங்கிலிக்கன் பேராயரானார். இதற்குப் பின்னால் நின்ற ஹென்றி வென், குரோதரை அனுப்பிய இங்கிலாந்தின் சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் செயலர்; உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆண்டு, தாங்கி, பரப்ப வேண்டும் என்று சொன்னவர். வென் இறந்தபின் காற்று மாறியது. 1890-ல் அந்தச் சங்கத்தின் இளம் ஆங்கிலேய மிஷனெரிகள், குரோதர் ஊழியம் செய்த நைஜர் ஆற்றுப் பகுதிக்குப் போய்க் குரோதரின் ஊழியர்கள் பலரை இடைநீக்கம் செய்தார்கள். குரோதர் 1891-ல் இறந்ததும் அவர் இடத்துக்கு ஐரோப்பியர் வந்தார். ஆளை உருவாக்கிய அமைப்பே அவருடைய தீர்ப்பை நம்பவில்லை.

1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கேட்டவர் வெறுங்கையோடு போகவில்லை. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே உள்ளூர்ப் பணம், உள்ளூர் ஆட்கள், உள்ளூர் நிர்வாகம் என்று திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஒப்பந்தம் எழுதும்போதே, எந்த ஆண்டில் எந்தப் பொறுப்பு யாரிடம் போகும் என்று தேதியோடு எழுதிவிடுங்கள்: பாடப் பகுதிகளைத் தேர்வது, பயிற்றுநரை நியமிப்பது, கணக்கு. முதல் ஆண்டிலேயே ஒரு முகாமை வெளிநாட்டார் யாரும் இல்லாமல் நடத்திப் பாருங்கள். அதில் எது தடுமாறுகிறதோ, அடுத்த ஆண்டின் பாடத்திட்டத்தை அதிலிருந்து தொடங்கலாம்.