ஈடு இல்லாமல் பத்து லட்சம் பர்சனல் லோன்: முதல்முறை கேட்பவர்களுக்கு

நம்ம கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று பெரிய தொகை தேவைப்பட்டால் நகையையோ தோட்டத்துப் பத்திரத்தையோதான் எடுப்பார்கள். இரண்டையும் தொடாமல் வாங்குவது பர்சனல் லோன். உங்கள் வருமானமும், இதுவரை கடன் கட்டிய ஒழுங்கும் மட்டும்தான் இதற்குப் பிடிமானம். வட்டி நகைக்கடனைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

படி 1: தவணையை முடிவு செய்யுங்கள்

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பாருங்கள். 10 லட்சத்தை 14 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 23,270 ரூபாய். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் பல வங்கிகள் யோசிக்கும். வண்டிக்கு ஏற்கனவே 6,000 கட்டுகிற 60,000 ரூபாய் சம்பளக்காரருக்கு மொத்தம் 29,270 ஆகி பாதியைத் தொட்டுவிடும், அதனால் இந்தக் கடன் இழுபறிதான். சீட்டுப் பணத்தையும் கணக்கில் சேருங்கள். வங்கிக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

படி 2: சிபில் பாருங்கள்

சிபில் என்பது நீங்கள் இதுவரை கடன் கட்டிய ஒழுங்குக்குத் தரும் மதிப்பெண். அது 300 முதல் 900 வரை. 750க்கு மேல் இருந்தால் பேச்சு சுலபம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்த மதிப்பெண் தரும் நான்கு நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கட்டி முடித்த கடன் பாக்கி என்று நிற்கிறதா, பங்காளிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

படி 3: வருமானம் கணக்கில் தெரியட்டும்

பனியன் கம்பெனியில் சனிக்கிழமை கையில் வாங்கும் வாரச் சம்பளம் வங்கியின் கண்ணில் படாது. இப்போதிருந்தே கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். சம்பளக்காரர்களிடம் பொதுவாகச் சம்பளச் சீட்டும் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். தறி, கடை வைத்திருப்பவர்களிடம் இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். பணம் தொழிலுக்குத்தான் என்றால் பர்சனல் லோன் வேண்டாம், சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடன் கேளுங்கள். அதற்கும் ஈடு கிடையாது.

படி 4: ஓரிடத்தில் கேளுங்கள்

சம்பளம் வருகிற வங்கியில்தான் முதலில் கேட்க வேண்டும். ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பித்தால் ஐந்தும் அறிக்கையில் பதிவாகி மதிப்பெண் இறங்கும். “லோன் சாங்ஷன் ஆயிருச்சுங்க, பீஸ் மட்டும் முன்னாடியே அனுப்பிருங்க” என்று போனில் யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை. பத்துப் பைசா அனுப்பாதீர்கள்.

படி 5: கே.எஃப்.எஸ். தாளைத் தமிழில் வாங்குங்கள்

கே.எஃப்.எஸ். (Key Facts Statement) என்பது கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் தாள். எல்லாப் படியிலும் இதுதான் முக்கியம். வட்டி, கட்டணம், இன்சூரன்ஸ், முன்கூட்டி அடைத்தால் அபராதம் எல்லாம் இந்தத் தாளில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்பது விதி. அதனால் தயங்காமல் தமிழில் கேளுங்கள். குறைந்தது மூன்று வேலை நாள் அந்த நிபந்தனைகள் மாறாமல் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள்.

அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டுச் செலவு அது. இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது அதையே பாருங்கள். 10 லட்சத்துக்கு 2 சதவீதம் பிராசஸிங் பீஸ் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 23,600 ரூபாய். பெரும்பாலும் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள்.

வட்டி ‘ஃபிளாட்’டா, குறையும் அசலுக்கா என்றும் கேளுங்கள். ஃபிளாட் என்றால் அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கே வட்டி போடுவார்கள். அதே 14 சதவீதம் ஃபிளாட் என்றால் தவணை 28,333 ஆகிவிடும். உண்மை வட்டி 23 சதவீதத்தைத் தாண்டும். ஊரில் ரூபாய் வட்டி, ஒன்றரை வட்டி என்று பேசிப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மொத்தம் எவ்வளவு கட்டுவோம் என்ற ஒரே எண்ணைக் கேட்டுவிட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

படி 6: பணம் வந்த பிறகு

தவணைத் தேதி சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து இருக்கட்டும். ஒரு மாதத் தவணையை எப்போதும் கணக்கில் விட்டுவையுங்கள். பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அபராதமும் விழும், சிபிலும் அடிவாங்கும். வங்கியோடு தகராறு வந்து, எழுத்தில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. கடைசித் தவணை முடிந்ததும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி, அறிக்கையில் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.