ஈர இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி எங்கே நிற்கும்?

ரம்பொடை இறக்கத்தில், தூறல் விழுந்த ஒரு மாலை, என் மோட்டார் சைக்கிள் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸுக்கு ஒரு முழம்தான் மிச்சம். அன்றிரவே தம்பியின் உயர்தரப் பௌதிகவியல் கொப்பியைத் தூக்கிக்கொண்டேன்.

முதலில் உராய்வுக் குணகம், அதாவது டயர் வீதியை எவ்வளவு பற்றிப் பிடிக்கிறது என்று காட்டும் எண். கான் மூடும் கொங்கிறீட் பலகை ஒன்றின்மேல் பழைய டயர்த் துண்டை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு வழுக்கத் தொடங்கும்போது பலகைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அளவெடுங்கள். கைப்பேசியில் கோணம் காட்டும் செயலிகளை நான் நம்புவதில்லை. தையல் நாடா போதும்.

நான் இடறியது இங்கேதான். உயரம் 57 சென்ரிமீற்றர், பலகை 100, வகுத்து 0.57 என்று எழுதிவிட்டேன். தப்பு! வகுக்க வேண்டியது பலகையின் நீளத்தால் அல்ல, அதன் கீழே தரையில் உள்ள கிடைத்தூரத்தால். உயர்ந்த முனையிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் அந்தத் தூரம் கிடைத்துவிடும். 82 வந்தது. 57-ஐ 82-ஆல் வகுத்தால் 0.7. துண்டை கீழே இழுக்கும் விசைக்கும் பலகையை அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம் அதுதான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது 0.4-க்கு இறங்கிவிட்டது.

அடுத்து வேகம். மணிக்கு 40 கிலோமீற்றரை 3.6-ஆல் வகுத்தால் செக்கனுக்கு 11.1 மீற்றர். கண் கண்டு கை பிரேக்கை அழுத்த 1.5 செக்கன் என்று வைத்தால், அதற்குள்ளேயே 17 மீற்றர் போய்விடும்.

இனி பிரேக் தூரம்: வேகத்தின் வர்க்கத்தை, 2 × 9.8 × குணகத்தால் வகுக்கவும் (9.8 என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல்). காய்ந்த சமதரையில் 9 மீற்றர், ஈரத்தில் 16. பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் வீதியென்றால் குணகத்திலிருந்து 0.1-ஐக் கழியுங்கள். 0.4 என்பது 0.3 ஆகி, தூரம் 21 மீற்றராகிறது. முன்னைய 17-ஐயும் சேர்த்தால் 38. அதே வீதியில் 60-இல் வந்தால் 72!

பின்சேர்க்கை: மரக்கறி லொறி ஓட்டும் வாசகர் ஒருவர், "பாரத்தைக் கணக்கில் காணோமே?" என்று கேட்டிருந்தார். பாரம் கூடினால் உராய்வும் அதே அளவில் கூடுவதால் சூத்திரத்தில் அது வெட்டுப்பட்டுவிடும். ஆனால் அவர் கேள்வி வீண் அல்ல. ஒரு தொன் 500 மீற்றர் உயரம் இறங்கினால் 49 இலட்சம் யூல் சக்தி வெளிப்படும்; ஏறத்தாழ 15 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் வெப்பமாகச் சேரும். சூடேறிய பிரேக் பிடிப்பை இழந்த பிறகு, டயருக்கு 0.7 இருந்தும் பயனில்லை. அந்தச் சுமையை இயந்திரம் பங்குபோட, இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.