தீர்ந்துபோன பேட்டரியும் முழுதாகத் தீர்ந்துபோவதில்லை

ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் இரண்டு செல்லில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம். வேலை செய்துவிட்டால் பழையதை அப்படியே விட்டுவிடுகிறோம். பேட்டரி விஷயத்தில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான்.

சாதாரண 1.5 வோல்ட் அல்கலைன் செல்லுக்குள் ஒரு பக்கம் துத்தநாகம், மறுபக்கம் மாங்கனீசு டை ஆக்சைடு, இரண்டிலும் ஊறிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல். துத்தநாகம் விடுகிற எலக்ட்ரான்களுக்கு உள்ளேயே குறுக்கு வழி கிடையாது. அதனால் வெளியே பல்பு, மோட்டார் என்று சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போகின்றன. நமக்குக் கிடைக்கும் மின்சாரம் அந்தச் சுற்றில்தான். 1800-ல் வோல்டா உலோகத் தகடுகளுக்கு நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கியபோது நடந்ததும் இதேதான்.

பழையதும் புதியதும் வரிசையாக இருந்தால் பழையது முதலில் தீரும். புதியதோ தன் மின்னோட்டத்தை அதன் வழியாகவே தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது பழைய செல்லின் முனைகள் தலைகீழாகி, உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்து, அழுத்தம் தாங்காமல் கசியும். என் டார்ச் ஒன்று இப்படித்தான் போனது. திறந்து பார்த்தால் ஸ்பிரிங் முழுக்க உப்புப் பூத்திருந்தது. அந்த வெள்ளைப் பொடி காரம், வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை போட்டு, வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைக்கலாம். செல்களை எப்போதும் ஒரே வகையாக, ஒரே சமயத்தில் மாற்றுங்கள். மாதக்கணக்கில் தொடாத கருவி என்றால் கழற்றியே வையுங்கள். சார்ஜ் ஏற்றக் கூடாத செல்லை சார்ஜரில் போட்டாலும் இதே வாயுதான் சேரும், வெடிக்கவும் கூடும்.

அடுத்தது பட்டன் செல். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். சி.ஆர். 2032 என்ற பட்டன் செல் வகையின் எண்ணில் 20 என்பது விட்டம், அதாவது 20 மில்லிமீட்டர். சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள அந்த அளவு போதும். செல் உடைந்து உள்ளிருக்கும் ரசாயனம் கசிந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கசியவே வேண்டாம். ஈரமான சதை இரண்டு முனைகளையும் இணைத்தவுடன் 3 வோல்ட் மின்சாரம் பாயத் தொடங்கும். எதிர்முனை, அதாவது மைனஸ் முனை, படும் இடத்தில் நீர் பிரிந்து கடுங்காரம் உண்டாகும். 2 மணி நேரத்துக்குள்ளேயே சதை ஆழமாக வெந்துவிடலாம். பொம்மையை ஓட்டச் சக்தியில்லை என்று மேசையில் கழற்றிப் போட்ட செல்லிலும் இதற்கு வேண்டிய மின்னழுத்தம் மிச்சம் இருக்கும். குழந்தை எச்சில் வடிப்பது, சாப்பிட மறுப்பது, இருமுவது என்று சாதாரண உபாதை போலத்தான் தெரியும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் நாணயம் போலவே தெரியும் என்பதால் பட்டன் செல் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

சரி, போனுக்கு வருவோம். லித்தியம் அயனி செல்லில் இரண்டு முனைகளையும் பிரித்து வைப்பது தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். நனைந்திருக்கும் திரவமோ எளிதில் தீப்பிடிக்கும். குத்தினாலோ நசுக்கினாலோ தாள் கிழிந்து உள்ளேயே ஷார்ட் ஆகும். சூடு ஏற ஏற வினை வேகமாகும், வினை வேகமானால் சூடு இன்னும் ஏறும். பேட்டரி உப்பினால் அழுத்திப் பார்க்காதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள், வாயுவை வெளியேற்ற ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போட்டால் சூடு வெளியேற வழியிருக்காது. உறைகுளிரில், 0 டிகிரிக்குக் கீழே, சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். முழுதாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் என்ற பழைய வகை பேட்டரி காலத்துப் பழக்கம், இதற்குப் பொருந்தாது.

வாகன பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குறைவது பெரும்பாலும் நீர்தான், அமிலம் அல்ல. குழாய் நீரின் உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது. கழற்றும்போது முதலில் எதிர்முனை, மாட்டும்போது அதைக் கடைசியாக. மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

அப்புறம், 9 வோல்ட் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு பையில் போடாதீர்கள். இரண்டு முனையும் அருகருகே இருப்பதால் ஒரு சாவி குறுக்கே பட்டாலே ஷார்ட் ஆகும். தூக்கிப் போடும் முன்பும் முனைகள் மேல் டேப் ஒட்டுங்கள். லித்தியம் பேட்டரிகளைக் குப்பையில் சேர்க்காமல் தனியே கொடுங்கள். குப்பை வண்டி அழுத்தி நசுக்கும்போது தீப்பிடிப்பது இவற்றால்தான்.