ஆட்டோ காரில் கிளட்ச் வைக்கும்போது காசு கரையும் இடங்கள்

"அத்தான், அஞ்சு கியர் பெட்டி ஒண்ணு கிடைக்குது. எடுத்துடவா?"

ஜொகூர் பாருவில், பாதியாக வெட்டிய பழைய கார்களைச் சாமானுக்கு விற்கும் ஒரு ஹாஃப் கட் கடையிலிருந்து மைத்துனன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். அவனிடம் இருப்பது 1983 டொயோட்டா கொரோலா, கேஇ70. டிஎக்ஸ் என்றால் பழைய கார்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். கிளட்ச் இல்லாத ஆட்டோ (தானியங்கி) கியர். அதை மேனுவலாக மாற்றத்தான் அவனுக்கு ஆசை. படத்தில் இருந்தது அதே எஞ்சின் குடும்பத்துக்கான கே50 கியர்பாக்ஸ். விலையும் மலிவு. யோசிக்காமல் "எடு" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நான்கு மாதம் அந்தக் கார் சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையின் மூலையில் ஜாக் மேல் நின்றது.

வெறும் பெட்டியை மட்டும் வாங்கியதுதான் தப்பு. ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாறும்போது கியர்பாக்ஸ் பாதிச் செலவுகூட ஆகாது. மீதியைத் தின்பது சில்லறைச் சாமான்தான். எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான ஃப்ளைவீல் சக்கரம், அதற்கான போல்ட், கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், அதைத் தள்ளும் கவை, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே வரும் மெல்லிய தகடு, பெடல் செட், கிளட்ச் கேபிள் அல்லது மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்கள், பெட்டியைத் தாங்கும் குறுக்குச்சட்டம், பின்சக்கரப் பக்கம் விசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர் குச்சியின் ரப்பர் உறை. இவ்வளவும் வேண்டும். தனித்தனியாகத் தேடினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரமும் ஒரு பாஸ்போர்ட் முத்திரையும் போகும். மேனுவலாகவே ஓடிய ஒரு காரின் முன்பாதி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதை வாங்கிவிடுவதே மலிவு. இன்னொன்று: காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு 100 வெள்ளி மதிப்புவரைதான் வரிவிலக்கு. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. அதையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எங்களை உண்மையில் அழவைத்தது ஒரு மோதிர அளவுச் சாமான். பைலட் பேரிங்.

ஆட்டோவில் கிளட்ச்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு, எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனைக் குழிக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும். மேனுவலில் அந்தக் குழியில் ஒரு சின்ன பேரிங் இருக்கும். கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட்டின் நுனி அதில்தான் தாங்கும். ஆட்டோ கார் என்பதால் எங்கள் கிராங்கில் அது இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை. பெட்டியை ஏற்றி, எண்ணெய் ஊற்றி, வண்டியை எடுத்தால் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம். ரிவர்ஸ் விழவே இல்லை. தாங்கல் இல்லாமல் ஷாஃப்ட் ஆடுகிறது, கிளட்ச் தட்டு முழுதாக விடுபடவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் பெட்டிக்குள் இருக்கும் முன் பேரிங்கும் போயிருக்கும். மறுபடி எல்லாவற்றையும் இறக்கினோம்.

ஆட்டோவைக் கழற்றிய அன்றே டார்ச் அடித்து அந்தக் குழிக்குள் பாருங்கள், விரலை விட்டுத் தடவுங்கள், வெர்னியரால் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். சில கார்களில் ஆட்டோவுக்காக வந்த கிராங்கின் குழி பேரிங் அளவுக்குக் கடையப்பட்டே இருக்காது. அப்போது வேலை லேத் கடைக்குப் போய்விடும். அது தெரிவதற்கு முன்னால் வேறெதையும் வாங்காமல் இருப்பது நல்லது.

அதே இடத்தில் இன்னொரு சிக்கல். ஆட்டோவில் ஃப்ளைவீலுக்குப் பதில் கிராங்கில் இறுகியிருப்பது ஒரு மெல்லிய தகடு. அதற்கேற்ப போல்ட்டும் குட்டை. அதே போல்ட்டைத் தடிமனான ஃப்ளைவீலில் போட்டால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். முறுக்கும்போது இறுகின மாதிரிதான் தெரியும், அதுதான் ஆபத்து. ஃப்ளைவீலுக்குரிய போல்ட்டைப் புதிதாக வாங்கி, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல், ஃப்ளைவீல் விளிம்பில் இருக்கும் பல் வளையத்தோடு (ரிங் கியர்) சேர்கிறதா என்பதையும் பெட்டி ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

பெடலில் பலர் ஏமாறுவது, எஞ்சினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில். கிளட்ச்சை மிதிக்கும் விசை முழுவதும் அந்தத் தகட்டில்தான் போய் விழும். ஒரு ஓட்டை போட்டு மாஸ்டர் சிலிண்டரை மாட்டினால், நாற்பது வருடத் தகடு மிதிக்கும்போதெல்லாம் உள்ளே வெளியே மடங்கும், கொஞ்ச நாளில் விரிசல் விடும். பின்னால் கெட்டியான ஒரு பட்டை வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். துரு இருந்தால் முதலில் அதை வெட்டி எடுக்க வேண்டும். மழைத்தண்ணீர் தேங்குவது அந்தப் பக்கம்தானே.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளத்தைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது. கார் தன் சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும். முன்முனை பெட்டிக்குள் முட்டிவிடாமல் ஓர் அங்குலம்போல் இடைவெளி இருக்கட்டும். வெட்டி ஒட்டினால் பாலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள்.

பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். 155/80 13 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் ஓடும். விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,500 மீட்டர், ஏறக்குறைய 833 சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1 என்று வைத்துக்கொண்டால் நேர் விகிதமான (1:1) நாலாவது கியரில் எஞ்சின் 3,400 ஆர்பிஎம்மில் கத்தும். ஐந்தாவது கியர் 0.86 என்றால் 2,900 சொச்சம். நாலு கியர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். நான் ஐந்துக்கே கை தூக்குவேன்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் எது என்று கேட்டால், கிளட்ச் தட்டும் எஞ்சினின் பின் சீலும். பழைய தட்டு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது தேய்ந்ததும் பெட்டியை மறுபடி இறக்கும் கூலி புதுத் தட்டின் விலையை விட அதிகம். சீலும் அப்படித்தான்: எண்ணெய் கசிந்தால் நேராகப் புதுக் கிளட்ச்மேல்தான் ஊறும். பெட்டிக்குள் ஊற்றும் எண்ணெய்க்கு அந்தப் பெட்டியின் கையேட்டைப் பாருங்கள். பித்தளை சிங்க்ரோ (கியர் விழ உதவும் வளையம்) உள்ள பல பழைய பெட்டிகளுக்கு ஜிஎல்-4 தர எண்ணெய்தான் சரி. ஜிஎல்-5 எண்ணெயில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளைக்கு ஆகாமல் போகலாம்.

ஒயரிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஆட்டோவில் பி (பார்க்), என் (நியூட்ரல்) நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெட்டி போனதும் அந்த இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுவது பட்டறை வழக்கம். கியரில் நிற்கும் கார் சாவியைத் திருப்பியதும் பாயும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் எதிரே தூண். கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைத்து அந்த ஒயரை அதில் கொடுங்கள். ரிவர்ஸ் விளக்கின் ஒயரும் அதே கட்டில்தான் வரும், அதைப் புதுப் பெட்டியின் சுவிட்ச்சுக்கு மாற்ற மறந்துவிட்டு, வருடாந்தரச் சோதனையில் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாமான் வாங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கார் 35 வயதைத் தாண்டி, வருடத்துக்கு 45 நாள் ஓட்டும் கிளாசிக் திட்டத்தில் இருந்தால், அல்லது சேர்க்கும் எண்ணம் இருந்தால், இந்த மாற்றத்தால் அதற்குப் பாதகம் வருமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தகவல் போக வேண்டும்.

அப்புறம் வீட்டில் யார் யாரிடம் என்ன லைசன்ஸ் இருக்கிறது என்று பாருங்கள். 3ஏ வகுப்பு ஆட்டோ காருக்கு மட்டும்தான் செல்லும். மைத்துனன் மனைவியிடம் இருப்பது 3ஏ. இத்தனை பாடுபட்டுக் கிளட்ச் வைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்குத்தான் அது அவன் நினைவுக்கு வந்தது. அவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.