சதையியில் ஊசிப் பயொப்சி: ஆயத்தமும் அறிக்கையும்

சதையியில் (கணையத்தில்) கட்டி இருப்பதாக சீ.ரீ. ஸ்கேன் காட்டினால், ஊசியால் இழைய மாதிரி எடுத்துச் சோதிக்கும் பயொப்சிக்கு நாள் குறிக்கும் முன்னரே, அதன் முடிவு சிகிச்சையை எவ்வாறு மாற்றும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். அகற்றக்கூடிய கட்டி, ஸ்கேனில் புற்றுநோயாகவே தோன்றுமானால், பயொப்சி இன்றியே சத்திரசிகிச்சை செய்யப்படுவதுண்டு. ஆனால் கீமோதெரபி தொடங்குவதற்கு இழைய ஆதாரம் பொதுவாக அவசியம். சிஏ 19-9 எனும் இரத்தப் பரிசோதனை அதற்கு ஈடாகாது; பித்தக்குழாய் அடைபட்டு மஞ்சட்காமாலை ஏற்பட்டாலே அதன் அளவு உயர்ந்துவிடும்.

சதையி இரைப்பைக்குப் பின்னால், வயிற்றின் ஆழத்தில் இருப்பதால், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பை வாய்வழியாகச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்ட் கருவியால் கட்டியைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவார்கள். கட்டி சதையியின் தலைப்பகுதியில் இருந்தால் முன்சிறுகுடல் வழியாகவும், உடல் அல்லது வாற்பகுதியில் இருந்தால் இரைப்பை வழியாகவும் ஊசி செல்லும். 22 அல்லது 25 கேஜ் (ஊசியின் பருமனைக் குறிக்கும் அளவு) கொண்ட மெல்லிய ஊசியே பெரிதும் பயன்படுகிறது.

இரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்றவற்றை உட்கொள்பவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. நீரிழிவு மருந்துகளைப் பற்றியும் கேட்டறியுங்கள், ஏனெனில் வெறும் வயிற்றுடன் வருமாறு கூறுவார்கள். சம்மதப் படிவம் புரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளக்கம் கேட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். கொழும்பு வைத்தியசாலைகளிலும் இதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. மயக்க மருந்து தரப்படுவதால் துணைக்கு ஒருவர் வர வேண்டும். அன்று வாகனம் ஓட்டக்கூடாது.

வீடு திரும்பிய பின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பயொப்சியால் சதையி அழற்சி அரிதாகவே ஏற்படும் என்றாலும், வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய நோயன்று.

அறிக்கையில் 'புற்றுக்கலங்கள் காணப்படவில்லை' என்றிருந்தால், குடும்பத்தினர் நிம்மதியடைந்து கிளினிக்குக்குச் செல்லாமல் விடுவதே நான் மிகவும் அஞ்சும் விடயம். சதையிப் புற்றுநோயில் நார் இழையம் மிகுதியாகவும் புற்றுக்கலங்கள் ஆங்காங்கேயும் இருப்பதால், ஊசி அவற்றைத் தவறவிடக்கூடும். ஸ்கேனில் சந்தேகம் நீடித்தால் மீண்டும் பயொப்சி தேவையா என்று கேளுங்கள். மறுபுறம், உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே சதையியைத் தாக்கும் தன்னெதிர்ப்புச் சதையி அழற்சியும் ஸ்கேனில் புற்றுநோய் போலவே தோன்றலாம். அது ஸ்டீரொய்ட் மருந்துக்கு இணங்கும்.

தனியார் வைத்தியசாலையில் பயொப்சி செய்து, மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெறவிருப்பவர்கள், அறிக்கையுடன் கண்ணாடித் தகடுகளையும் மெழுகில் பதித்த இழைய மாதிரியையும் பெற்று வைத்திருப்பது நல்லது. அங்குள்ள நிபுணர்கள் அவற்றை மீண்டும் பார்க்க விரும்பலாம்.